பாதிப் பேர் செத்த கதைக்குக் கடைசியில் சிரிப்பு எதற்கு? அறிவியல் புனைவுப் பட முடிவுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவாரூரில் நாங்கள் சிலர் கூடி, மாதம் ஒரு அறிவியல் புனைவுப் படம் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுவோம். நன்னிலம், மன்னார்குடி, நாகப்பட்டினம் பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள். எந்தப் படத்தைப் போட்டாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. அத்தனை பேர் செத்துப்போன பிறகு, கடைசிக் காட்சியில் மட்டும் எப்படி இவ்வளவு குதூகலம்? அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். முடிவைச் சொல்லாமல் இதைப் பேச வழியில்லை. பார்க்காத படத்தின் பெயர் கண்ணில் பட்டால் அந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடுங்கள்.

சந்தோஷமான முடிவே கூடாது என்கிறீர்களா?

இல்லை. உலகம் பிழைத்தால் எனக்கும் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்துக்கு நடுவே செத்தவரை ஒருத்தராவது தேட வேண்டும். யாருமே தேடவில்லை என்றால் அந்தச் சிரிப்பு எனக்கு ஒட்டுவதில்லை.

ஒரு படத்தை வைத்துச் சொல்லுங்களேன்.

2009இல் ரோலண்ட் எமெரிக் எடுத்த '2012' படத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் கோர்டன் என்று ஒரு மருத்துவர் வருகிறார். கதாநாயகன் ஜாக்சனின் முன்னாள் மனைவி கேட் இப்போது வாழ்வது இவரோடுதான். விமானம் ஓட்டக் கொஞ்சம்தான் கற்றிருக்கிறார். அதை வைத்தே இடிந்து விழும் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து மொத்தக் குடும்பத்தையும் மேலே தூக்கிக்கொண்டு போகிறார். பையன் நோவாவுக்குப் பெற்ற அப்பாவைவிட இவரிடம்தான் ஒட்டுதல் அதிகம். இவ்வளவும் காட்டிவிட்டு, படம் முடியும் நேரத்தில், உலக அழிவிலிருந்து தப்பிக்கக் கட்டிய பேழைக் கப்பலின் கதவு இயந்திரத்தில் பல்சக்கரங்களுக்கு நடுவே சிக்கி அவர் செத்துப்போகிறார். கொஞ்ச நேரத்தில் ஜாக்சனும் கேட்டும் சேர்ந்துவிடுகிறார்கள்.

கடைசிக் காட்சியில் வெயில் அடிக்கிறது. கப்பலின் மேல்தளம் திறக்கிறது. ஆப்பிரிக்கா பிழைத்திருக்கிறது என்று தெரிகிறது. சின்னப் பெண் லில்லி, இனி ராத்திரியில் தனக்கு டயப்பர் வேண்டாம் என்று அப்பாவிடம் பெருமையாகச் சொல்கிறாள். புதிய நாள்காட்டியில் அது முதல் வருஷம், முதல் மாதம், 27ஆம் தேதி. அந்த வெயிலில் கோர்டனுக்காக யாரும் நின்று அழுவதில்லை. பையனாவது ஒரு தடவை அவர் பெயரைச் சொல்லியிருக்கலாம்.

இதே படத்தில் ஆபத்தை முதலில் கண்டுபிடிக்கும் விஞ்ஞானி சத்னாம் ஓர் இந்தியர். அவரை அழைத்துப்போக வரவேண்டிய விமானம் வரவே இல்லை. மனைவி, பிள்ளையோடு அலையில் போய்விடுகிறார். அவருக்காவது அவருடைய நண்பர் தலைவர்கள் முன்னால் நின்று பேசுகிறார். அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் கப்பலின் கதவைத் திறக்க முடிவாகிறது. படத்தில் எனக்கு உயிருள்ளதாகத் தோன்றும் இடம் அதுதான், ஏனென்றால் அங்கே ஒரு சாவு இருப்பவர்களை அசைக்கிறது.

லட்சக்கணக்கில் சாகும் கதையில் எல்லாருக்கும் அழ முடியுமா?

முடியாது. எல்லாருக்கும் அழச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. படம் நமக்கு முகம் காட்டி அறிமுகப்படுத்திய ஆட்களுக்காவது அழலாம் இல்லையா?

1996இல் வந்த 'இன்டிபென்டன்ஸ் டே' இதில் பாதி தூரம் சரியாகவே போகிறது. அமெரிக்க அதிபரின் மனைவி காயங்களால் இறந்துபோகிறார். அம்மா தூங்குகிறாளா என்று சின்ன மகள் கேட்கிறாள். ஆமாம், தூங்குகிறாள் என்கிறார் அப்பா. அவ்வளவுதான் காட்சி. நகரங்கள் எரிவதைவிட எனக்கு அதுதான் மனசில் நிற்கிறது. ஆனால் அடுத்த நாளே படம் முடிகிறது. எரிந்து விழும் வேற்றுலகக் கப்பலை எல்லாரும் வாணவேடிக்கை போல நின்று பார்க்கிறார்கள். அதே மகள் அப்பாவுக்கு சுதந்திர தின வாழ்த்துச் சொல்கிறாள். முந்தின நாள் அம்மாவை இழந்த குழந்தையின் வாயில் அந்த வாழ்த்தை வைத்தவர்கள், இரண்டு காட்சிக்கு முன்னால் தாங்களே எழுதியதை மறந்துவிட்டார்கள்.

நம் பக்கத்து ஆட்கள் இதை லேசில் விடமாட்டார்கள், காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். தமிழ்நாட்டில் அதிகம் இழந்தது அந்தக் கரைதான். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களில் பலர் அதற்கு முன்பே குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்ட தாய்மார்கள். மறுபடி குழந்தை பெற வசதியாகக் கருக்குழாயை இணைக்கும் அறுவைக்கு அரசு உதவியது. அப்படிப் பிறந்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், வளர்ந்தார்கள். அந்த வீடுகளில் பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள், கேக் வெட்டுகிறார்கள், சிரிக்கிறார்கள். டிசம்பர் 26 வந்தால் கரைக்குப் போய்க் கடலில் பால் ஊற்றிப் பூவும் தூவுகிறார்கள். இரண்டும் ஒரே வீட்டில் நடக்கின்றன. பேரழிவுக்குப் பிறகு வரும் சந்தோஷம் எப்படி இருக்கும் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர்களிடம் வாணவேடிக்கையைக் காட்டினால் அவர்கள் எப்படி நம்புவார்கள்?

அலை வரும் படங்களை நாகப்பட்டினத்துக்காரர்கள் பார்ப்பார்களா?

சிலர் பார்ப்பார்கள், சிலர் எழுந்து வெளியே போய்விடுவார்கள். 1998இல் வந்த 'டீப் இம்பாக்ட்' போடும்போது முன்கூட்டியே சொல்லிவிட்டோம். வால்மீனின் சிறு துண்டு அட்லாண்டிக்கில் விழுந்து பேரலை எழும். விண்கலத்தில் போனவர்கள் பெரிய துண்டைத் தகர்க்க உயிரைக் கொடுப்பார்கள். கடைசியில் அதிபர் கூட்டத்தில் பேசுகிறார், பேச்சு வழக்கமான பேச்சுதான். ஆனால் அவருக்குப் பின்னால் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடம் இன்னும் பாதி கட்டிய நிலையில் நிற்கிறது. அதனால் அந்த முடிவை என்னால் ஏற்க முடிகிறது. இழப்பு முடிந்துபோகவில்லை, வேலை பாக்கி இருக்கிறது என்று அந்தக் கட்டடமே சொல்லிவிடுகிறது.

அதே வருஷம் வந்த 'ஆர்மகெடான்' சத்தமான படம். கடைசியில் கல்யாணம் வேறு. இருந்தாலும் அந்தக் கல்யாணத்தில், உலகைக் காக்கச் செத்துப்போன பெண்ணின் அப்பா ஹேரியின் படத்தையும் மற்றவர்களின் படங்களையும் வைத்திருப்பார்கள். நம் வீட்டில் அப்பா இல்லாத பெண்ணின் கல்யாண மேடைக்குப் பக்கத்தில் அவர் படத்துக்கு மாலை போட்டு வைப்போமே, அதேதான். சில நொடி வந்துபோகும் அந்தப் படங்கள் மொத்தக் கொண்டாட்டத்தையும் கொஞ்சம் தரையில் நிறுத்துகின்றன.

இந்த மாதிரி முடிவுகள் எப்படி வந்து ஒட்டிக்கொள்கின்றன?

பெரும்பாலும் பயத்தினால். படத்தை வெளியிடும் முன் ஒரு கூட்டத்துக்குப் போட்டுக் காட்டிக் கருத்துக் கேட்பார்கள். முகம் சுளித்தால் முடிவில் கை வைப்பார்கள்.

ரிட்லி ஸ்காட்டின் 'பிளேட் ரன்னர்' இதற்கு எல்லாரும் சொல்லும் உதாரணம். சொல்லாமல் இருக்கவும் முடியாது. 1982இல் முன்னோட்டக் காட்சிகள் சரியாகப் போகவில்லை என்றதும் கதாநாயகன் குரலில் விளக்கம் சேர்த்தார்கள். கூடவே புதிய முடிவும் வந்தது. ஒருவர் பின் ஒருவராக செயற்கை மனிதர்கள் சாகிறார்கள். அவர்களில் ஒருவனான ராய் மழையில் நனைந்தபடி, தான் கண்டதெல்லாம் தன்னோடு போகிறதே என்று சொல்லிவிட்டுத் தலையைத் தொங்கப்போடுகிறான். அது முடிந்து கொஞ்ச நேரத்தில் பச்சை மலைகள், நீல வானம், காரில் காதலர்கள். செயற்கை மனுஷியான அந்தக் காதலிக்கு மற்றவர்களைப் போல ஆயுள் கெடு கிடையாது என்று ஒரு தகவல் வேறு. படம் முழுக்க ஒரு மரத்தைக்கூடக் காட்டாத உலகத்தில் திடீரென்று இந்த மலை எங்கிருந்து வந்தது? ஸ்டான்லி குப்ரிக் 'தி ஷைனிங்' படத்துக்காக வானிலிருந்து எடுத்து மிஞ்சிய காட்சிகள் அவை. 1992 பதிப்பில் இதை எடுத்துவிட்டார்கள், 2007இல் வந்த இறுதிப் பதிப்பிலும் இல்லை.

டெர்ரி கில்லியமின் 'பிரேசில்' 1985இல் இதைவிட மோசமாக மாட்டியது. ஸ்டூடியோ அதை வெட்டிச் சுருக்கி, காதல் ஜெயிக்கும் கதையாக ஒரு பதிப்பே தயாரித்தது. இயக்குநர் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துச் சண்டை போட்டுத்தான் தன் படத்தை மீட்டார்.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது 2007இல் வந்த 'ஐ ஆம் லெஜண்ட்'. கொள்ளைநோயில் மனிதர்கள் வெறிபிடித்த உயிர்களாக மாறிவிட்ட உலகில் மருந்து தேடும் விஞ்ஞானி நெவிலின் கதை அது. தியேட்டரில் வந்த முடிவில் நெவில் கையெறிகுண்டோடு செத்துப்போகிறார். மருந்தை எடுத்துக்கொண்டு போகும் பெண்ணும் சிறுவனும் வெர்மான்டில் பாதுகாப்பான குடியிருப்பு ஒன்றை அடைகிறார்கள், கேட் திறக்கிறது, எல்லாம் நலம். படமாக்கிப் பிறகு மாற்றிய முடிவில் நெவில் சாகவே இல்லை. தான் பிடித்துவைத்துப் பரிசோதித்த, அப்படி மாறிப்போன ஒரு பெண்ணை அவளுடைய கூட்டத்திடமே ஒப்படைக்கிறார். அப்போது சுவரில் ஒட்டிய புகைப்படங்கள் பக்கம் அவர் கண் போகிறது. அவருடைய பரிசோதனைக்கு ஆளானவர்களின் முகங்கள் அவை. அத்தனை நாள் குறிப்புகளாகத் தெரிந்தவை அப்போதுதான் ஆட்களாகத் தெரிகின்றன. கணக்குப் பார்த்தால் கதாநாயகன் பிழைக்கும் முடிவுதான் சந்தோஷமான முடிவு. மனசில் கனப்பதும் அதுதான், ஏனென்றால் அவர் செத்தவர்களை நின்று பார்க்கிறார்.

நம் மரபே சுபமாக முடிப்பதுதானே? பட்டாபிஷேகம் இல்லாமல் ராமாயணம் முடிப்போமா?

மாட்டோம். எனக்கும் பட்டாபிஷேகம் வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

கம்பர் நம் தேரழுந்தூர்க்காரர். ராவணன் விழுந்ததும் அவர் நேராக அயோத்திக்கு ஓடிவிடவில்லை. மண்டோதரியை அழைத்துவந்து போர்க்களத்தில் உட்கார வைக்கிறார். எள் வைக்க இடமில்லாமல் அம்பு துளைத்த உடம்பைப் பார்த்து அவள் கேட்கிறாள்: சீதை மேல் வைத்த ஆசை உள்ளே எங்காவது ஒளிந்திருக்கிறதோ என்று அந்த அம்பு உடம்பெல்லாம் தடவித் தேடியதோ? அழுதுகொண்டே அவன்மேல் விழுந்து அவளும் உயிரை விடுகிறாள். எதிரியின் மனைவிக்கு இவ்வளவு இடம் கொடுத்த பிறகுதான் முடிசூட்டு விழா வருகிறது.

பாரதத்தில் இது இன்னும் பெரிது. பதினெட்டு நாள் போர் முடிந்ததும் ஸ்திரீ பர்வம் என்று ஒரு முழுப் பருவமே இருக்கிறது. பெண்கள் களத்தில் தங்கள் ஆட்களைத் தேடி அழுவதுதான் அங்கே கதை. கங்கைக் கரையில் செத்தவர்களுக்கு நீர் விடும்போதுதான் குந்தி வாய் திறந்து, கர்ணனுக்கும் விடுங்கள், அவன் உங்கள் அண்ணன் என்கிறாள். அதைக் கேட்ட தர்மன் எனக்கு ராஜ்யமே வேண்டாம் என்று உட்கார்ந்துவிடுகிறான். அவனைத் தேற்றிச் சிம்மாசனத்தில் ஏற்றுவதற்குள் எல்லாருக்கும் போதும் போதும் என்றாகிவிடுகிறது. சும்மா கிடைத்த முடி இல்லை அது.

நம் வீடுகளிலும் அப்படித்தானே? பதினாறாம் நாள் காரியம் முடியாமல் வீட்டில் ஒரு நல்லது பேச மாட்டோம். முடிந்த பிறகு பேசலாம், பேசவும் வேண்டும். ஆகவே சுபமான முடிவு நம் வழக்கம் என்று சொல்லி இந்தப் படங்களுக்கு வக்காலத்து வாங்க முடியாது. நம் வழக்கத்தில் ஒப்பாரி முதலில் வந்துவிடுகிறது.

எல்லாரும் செத்தும் நம்பிக்கையோடு முடியும் படம் ஒன்று சொல்லுங்கள்.

டேனி பாயிலின் 'சன்ஷைன்', 2007. அணைந்துகொண்டிருக்கும் சூரியனைத் தூண்டிவிட எட்டுப் பேர் போகிறார்கள், ஒருத்தரும் திரும்பவில்லை. கடைசிக் காட்சி பூமியில், பனி மூடிய சிட்னியில். விஞ்ஞானி காப்பா முன்பே அனுப்பியிருந்த செய்தியை அவருடைய தங்கை பார்க்கிறாள். ஒருநாள் காலை வழக்கத்தைவிட அழகாக இருந்தால் நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று அர்த்தம், என்று அதில் சொல்லியிருப்பார். அவள் நிமிர்ந்து பார்க்கும்போது வெளிச்சம் கூடுகிறது. யாரும் கை தட்டவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. நல்ல செய்தியும் சாவுச் செய்தியும் ஒரே வெளிச்சத்தில் வந்து சேருகின்றன. இந்த வகையில் இதைவிட நல்ல முடிவை நான் பார்த்ததில்லை.

ஸ்டார் வார்ஸ் வரிசையின் 'ரோக் ஒன்' படத்தையும் சொல்வார்கள். 2016இல் வந்தது. அதிலும் மொத்தக் குழுவும் சாகிறது, கடைசி வார்த்தையே நம்பிக்கை என்பதுதான். குழுவின் ஜின்னும் கேசியனும் கடற்கரையில் உட்கார்ந்திருக்க, அழிவு அவர்களை நோக்கி வருவதை அவசரமில்லாமல் காட்டுகிறது படம். அதனால் அந்தக் கடைசி வார்த்தை எனக்கு உறுத்தவில்லை.

'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' படத்தில் நடாஷாவுக்கு அநியாயம் நடந்ததா?

நடந்தது. உலகைக் காக்க உயிரைக் கொடுத்த டோனி ஸ்டார்க்குக்கு ஏரிக்கரையில் முறையான இறுதி மரியாதை, எல்லாரும் வரிசையாக நிற்கிறார்கள். நடாஷாவும் அதே வேலைக்காகத்தான் உயிரைக் கொடுத்தாள். அவளுக்குக் கிடைத்தது நண்பர்களின் சிறிது நேரக் கலக்கமும், கடைசியில் கூட்டாளிகள் கிளிண்டும் வாண்டாவும் பேசும் ஓரிரு வரியும்தான்.

செத்ததாக நினைத்த ஆள் திரும்பி வருவது?

ஸ்பீல்பெர்க்கின் 'வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்' பற்றித்தான் இப்படிக் கேட்பார்கள். 2005இல் வந்தது. வேற்றுலகத்தார் படையெடுப்பிலிருந்து ஒரு அப்பா பிள்ளைகளோடு தப்பி ஓடும் கதை. பெரிய பையன் ராபி தீப்பிழம்புக்குள் ஓடிவிடுகிறான், அப்பா கையை விட்டுவிடுகிறார். படத்தின் மையமே அந்தக் கணம்தான். கடைசியில் பாஸ்டனில் பாட்டி வீட்டு வாசலில் அவன் நிற்கிறான். எப்படி வந்தான் என்று ஒரு வார்த்தை இல்லை. அப்பாவின் முடிவுக்கு இருந்த எடை அங்கே கரைந்துபோகிறது.

இந்தப் படத்துக்கு மூலமான, எச்.ஜி. வெல்ஸின் 1898 நாவலிலும் கதைசொல்லிக்கு மனைவி உயிரோடு திரும்பக் கிடைக்கிறாள். ஆனால் அதற்குப் பிறகும் அவர் தேறுவதில்லை. லண்டன் தெருவில் ஆட்கள் நடப்பதைப் பார்த்தால் செத்த ஊரின் ஆவிகளாகத் தெரிகிறார்கள். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, இவள் செத்துவிட்டாள் என்று நானும், நான் செத்துவிட்டேன் என்று இவளும் கணக்கு முடித்திருந்தோமே என்று நினைத்துப் பார்க்கிறார். ஆளைத் திருப்பிக் கொடுத்தாலும் பயத்தைத் திருப்பி எடுக்காமல் விட்டார் வெல்ஸ்.

தமிழ்ப் படங்களில் எப்படி?

'எந்திரன்' (2010) முடிவில் ரோபோ சிட்டி தன்னைத்தானே கழற்றிக்கொள்ளும் காட்சி நன்றாகவே வேலை செய்கிறது. ஒவ்வொரு பாகமாகக் கழற்றிக்கொண்டே விடைபெறுவதால் இழப்பு நிதானமாக உறைக்கிறது. அப்புறம் 2030இல் அருங்காட்சியகம். ஆனால் அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ரோபோப் படை எத்தனையோ போலீஸ்காரர்களைச் சுட்டுத் தள்ளியது. அவர்களில் ஒருவர் வீட்டையாவது படம் எட்டிப் பார்க்கவில்லை. இயந்திரத்துக்கு அழுத நான், அந்த மனிதர்களுக்கு அழ வாய்ப்பே கிடைக்காமல் வெளியே வந்தேன்.

காலப்பயணக் கதைகள் வேறு ரகம். '24' படத்தில் (2016) தொடக்கத்தில் செத்த அப்பா அம்மாவைக் கடிகாரம் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. 'மாநாடு' (2021) கதையில் நாள் திரும்பத் திரும்பப் புதிதாகத் தொடங்குகிறது, ஆனால் நாயகனுக்கு நடந்ததெல்லாம் ஞாபகம் இருக்கிறது. எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். அழித்து எழுதிய சாவுகளை ஒருத்தனாவது சுமக்கிறான்.

அப்படியானால் சோகமாக முடிப்பதுதான் பாதுகாப்பா?

அதுவும் இல்லை. 'ஏலியன்ஸ்' (1986) படம் முழுக்கப் போராடி ரிப்ளி காப்பாற்றிய சிறுமி நியூட்டை, அடுத்து வந்த 'ஏலியன் 3' (1992) தொடக்கத்திலேயே கொன்றுவிட்டது. கூடவே ஹிக்ஸும் போனான். அந்த நல்ல முடிவு பாடுபட்டுச் சம்பாதித்தது. அதைப் பறித்ததை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

பேராவூரணிப் பக்கம் கஜா மாதிரி ஒரு புயலை வைத்து, எதிர்காலத்தில் நடக்கும் குறும்படம் எழுதுகிறேன். ஊரில் பாதி அழிகிறது. கடைசியில் எல்லாரும் சிரிக்கலாமா?

தாராளமாகச் சிரிக்கலாம். முதலில், எவ்வளவு காலம் கழித்துச் சிரிக்கிறார்கள் என்று முடிவு செய்யுங்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு எங்கும் தென்னை சாய்ந்து கிடந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். அன்று நட்ட கன்று காய்க்க ஐந்தாறு வருஷமாவது ஆகும். மறுநாள் காலையில் சிரிக்கிறார்களா, முதல் குலை வெட்டும் நாளில் சிரிக்கிறார்களா என்பதைப் பொறுத்துக் கதையே மாறிவிடும்.

அப்புறம், செத்தவர் செய்துகொண்டிருந்த வேலையை இப்போது யார் செய்கிறார் என்று காட்டுங்கள். மோட்டார் கொட்டகைச் சாவி அவரிடம் இருந்தது என்றால் இப்போது யார் இடுப்பில் இருக்கிறது? தேங்காய்க்காரரிடம் பேரம் பேசத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்றால் இந்த வருஷம் ஏமாந்து விற்றார்களா? அழுகைக் காட்சி தனியாக வேண்டாம். சிரித்துக்கொண்டே பேரம் பேசும் மகள் ஓரிடத்தில் தடுமாறி, அப்பா எவ்வளவு கேட்பார் என்று யோசிக்கிறாள் என்று எழுதினாலே போதும். பின்னணி இசையைக் கொஞ்சம் தாமதமாகத் தொடங்கச் சொல்லுங்கள்.

எழுதி முடித்ததும் திருவாரூருக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள். கடைசி மூன்று பக்கத்தை முதலில் உரக்கப் படித்துப் பார்ப்போம்.